நிலமும் பொழுதும்: குளிர்நாட்டுப் பல்லி வளர்ப்பில் திறந்தவெளி அடைப்பு

1

இலக்கியம் பயின்ற ஒருவர் பல்லிக்கு வீடு கட்டுவது பற்றி எழுதப் புகுவது வாசகர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா நமக்குப் புதியதன்று. ஓர் உயிருக்கும் அது வாழும் சூழலுக்கும் இடையேயுள்ள உறவு யாது என்பதே அவ்வினா. தொல்காப்பியர் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்து தோன்றும் மா, மரம், புள் முதலியன கருப்பொருள். விலங்கைத் தனித்ததோர் உருப்படியாக நோக்காது, குறித்த நிலத்தினதும் குறித்த பொழுதினதும் விளைவாக நோக்கும் இப்பார்வை, பிற்காலத்தில் திணைக் கோட்பாடு என்னும் இலக்கிய மரபாக இறுகிப்போனதெனினும், அதன் அடித்தளத்தில் வாழ்க்கை அனுபவத்திற் பிறந்த அவதானம் ஒன்று உண்டு. பாலை நிலத்துப் பாடல்களில் ஓந்தி இடம்பெறுவது தற்செயலன்று.

விலங்கொன்றை அடைப்பினுள் வைத்து வளர்ப்பவர் கருப்பொருளை அதன் முதற்பொருளினின்றும் பிரித்தெடுக்கின்றார். ஆதலின், எடுத்த நிலத்தையும் பொழுதையும் சிறிய அளவிலேனும் மீளக் கட்டித்தரும் கடப்பாடு அவரைச் சாருகின்றது. வெயில் குறைந்த நாடுகளில் இக்கடப்பாடு எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றது, எங்கே அது நிறைவேற்ற இயலாததாகின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக இங்கிலாந்தை எடுத்துக்கொள்கின்றேன். ஆய்வு மாணவராக அந்நாட்டின் மத்திய பகுதி நகரொன்றில் வாழ்ந்த காலத்தில், நான் தங்கியிருந்த வீட்டின் பின்வளவில் இத்தகைய அடைப்பொன்று கட்டப்பட்டதை அருகிருந்து பார்க்கவும், அவ்வேலையிற் கைகொடுக்கவும் வாய்ப்புக் கிடைத்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. அவரிடமிருந்து கற்றவையும், அவருடன் சேர்ந்து நான் செய்த தவறொன்றும் இக்கட்டுரைக்கு மூலமாக அமைந்தன.

2

பிரித்தானியாவில் ஊர்வன வளர்ப்பின் வரலாறு கண்ணாடியின் வரலாற்றோடு பிணைந்தது. 1829ஆம் ஆண்டளவில் நதானியல் வார்ட் என்னும் இலண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக் கலமொன்றினுள் தாவரங்கள் நெடுங்காலம் உயிர்வாழ்வதைக் கண்டார். அவரது பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளிற் செடிகள் கடல் கடந்தன. 1848ஆம் ஆண்டிற்குப் பின்னர் ரொபேட் போச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டு சேர்த்தது இத்தகைய பெட்டிகளிலேயாகும். 1845இல் பிரித்தானியாவிற் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. செல்வர் வீட்டு வரவேற்பறைகளில் பன்னமும் மீனும் ஊர்வனவும் கண்ணாடிக்குப் பின்னே இடம்பெற்றன. 1849இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்கெனத் தனி மனை திறக்கப்பட்டது. பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்குப் பணிபுரிந்த அதே கருவி, வீட்டின் பொழுதுபோக்குக்கும் கருவியாயிற்று எனலாம்.

இவ்வரலாற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு. கண்ணாடிப் பெட்டி, பார்ப்பவர்க்கு வசதியானது. பல்லிக்கு அத்துணை வசதியானதன்று. சாதாரண யன்னற் கண்ணாடி வெளிச்சத்தை விடுகின்றது. ஆனால் தோலில் விற்றமின் டி3 உருவாவதற்கு இன்றியமையாத கழியூதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது. அவ்விற்றமின் இன்றேல் உணவிலுள்ள கல்சியம் உடலிற் சேராது. எலும்பு மெலிந்து வளையும். வீட்டினுள் வளர்ப்போர் இக்குறையை விளக்குகளாலும் மருந்துத் தூளாலும் ஈடுசெய்ய முயல்வர். திறந்தவெளி அடைப்பில் வெயில் நேரே விழுகின்றது. ஜேர்மனியர் இத்தகைய அடைப்பைக் குறிக்க வழங்கும் ‘பிறைலாந்துத் தெறாறியம்’ என்னும் பெயரும், திறந்த நிலத்து உயிரடைப்பு என்றே பொருள்படும். குளிர்நாட்டிற் பல்லியை வெளியே வைப்பது கொடுமை என்று முதலில் தோன்றலாம். பொருத்தமான இனத்தைப் பொறுத்தவரை உண்மை இதற்கு மறுதலையாகும்.

3

பல்லி தன் உடலினுள்ளே போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை, புறத்திலிருந்து பெறுகின்றது. இதனாலேயே அதனைக் ‘குளிர்குருதி விலங்கு’ என்று பாடநூல்கள் கூறின. அப்பெயர் தவறான எண்ணத்தைத் தருவது. வெயில் காயும் ஐரோப்பியப் பல்லியின் உடல் வெப்பநிலை, அது இயங்கும் வேளையில் ஏறத்தாழ 30 முதல் 35 பாகை சென்ரிகிறேட் வரை இருக்கும். காற்று 15 பாகையாக இருக்கும்போதும் அது இந்நிலையை எய்தவல்லது. வெயில் படும் மரக்கட்டை மீது உடலைத் தட்டையாக்கிக் கிடந்து வெப்பத்தை ஏற்கும், போதுமெனக் கண்டதும் நிழலுக்கு நகரும், மீண்டும் வரும். நாள் முழுவதும் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நிகழும் இப்போக்குவரத்தே அதன் வாழ்க்கை. வெப்பம் அதற்குக் கொடுக்கப்படுவதில்லை, தேடிப் பெறப்படுகின்றது.

இதிலிருந்து அடைப்பின் அடிப்படை விதி பெறப்படும். நல்ல அடைப்பு என்பது ஒரே சீரான வெப்பமுடைய இடமன்று. வெம்மையும் தண்மையும், ஈரமும் உலர்வும், திறப்பும் மறைவும் சில அடி தூரத்தினுள் அடுத்தடுத்துக் கிடைக்கும் இடமாகும். விலங்கின் சுதந்திரத்தில் நாம் பறித்தது தூரத்தை; திருப்பிக் கொடுக்கக்கூடியது தெரிவை. பின்வரும் விபரங்கள் யாவும் இவ்விதியின் பிரயோகங்களேயாகும்.

எப்பல்லி என்பது முதல் வினா. இங்கிலாந்தின் சுதேசப் பல்லியினங்கள் மூன்று: குட்டியீனும் பொதுப் பல்லி, மணற்பல்லி, காலற்ற குருட்டுப்புழு எனப்படுவது. இவற்றுள் மணற்பல்லி 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தினால் கடுமையாகப் பாதுகாக்கப்படுவது. உரிமமின்றி அதனைப் பிடித்தலும் வைத்திருத்தலும் குற்றமாகும். பின்வளவில் வளர்ப்போர் பெரும்பாலும் நாடுவது ஐரோப்பாக் கண்டத்தின் மதிற்பல்லியையும் பச்சைப் பல்லியையுமே. மதிற்பல்லி நம் வீட்டுச் சுவரிலே திரியும் பல்லியன்று. பகலில் இயங்குவது, அரணையைப் போல் நீண்ட உடலும் விரைந்த ஓட்டமும் உடையது. தன் தாயகத்திலேயே குளிர்காலத்தைக் கண்ட இனங்கள் இவை. வெப்பவலயப் பல்லியையோ பாலைநிலத்துப் பல்லியையோ இங்கிலாந்தின் பின்வளவில் ஆண்டு முழுவதும் விடுவது அதனைக் கொல்வதற்குச் சமமாகும்.

4

அடுத்தது நிலம். இலண்டன் வட அகலக்கோடு 51½ பாகையில் உள்ளது. அங்கு ஆனி மாத நடுப்பகலிற் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 62 பாகை உயரத்தில் நிற்கும்; பங்குனியிலும் புரட்டாதியிலும் இராப்பகல் சமமாகும் நாட்களில் 38½ பாகை; மார்கழியில் 15 பாகை மட்டுமே. யாழ்ப்பாணத்தில் மார்கழி நடுப்பகற் சூரியனே 57 பாகை உயரத்தில் நிற்கின்றது என்பதை ஒப்பிட்டு நோக்கினால் இவ்வேறுபாட்டின் அளவு புலனாகும். தாழ்ந்த சூரியனின் கதிர்கள் சமதரையிற் சரிந்து விழுந்து பரந்துபோகின்றன.

இதற்குப் பரிகாரம் தரையைச் சூரியனை நோக்கிச் சரிப்பதாகும். அடைப்பினுள் மண்ணைக் குவித்துத் தெற்கு நோக்கி 30 பாகைச் சரிவு அமைத்தால், இராப்பகல் சமமாகும் நாளின் நடுப்பகலில் அச்சரிவின் மீது கதிர் விழும் கோணம் 38½ பாகையிலிருந்து 68½ பாகையாக உயர்கின்றது. அதே பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேர்வெயிலைப் பெறுகின்றது. எந்த எரிபொருளும் மின்சாரமும் இதற்குத் தேவையில்லை. மண்வெட்டியும் உழைப்பும் போதும். வைற் தீவின் வென்ற்னர் நகரில் மதிற்பல்லிகள் பல தலைமுறைகளாகப் பெருகி வாழ்வதற்கும், வடகாற்றைத் தடுத்துத் தென்வெயிலை ஏற்கும் அந்நகரின் சரிவான அமைப்பே முக்கிய காரணமாகும். அவை அத்தீவுக்கு உரியனவல்ல, மனிதராற் கொண்டுவரப்பட்டவை.

நாங்கள் கட்டிய அடைப்பு 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் உடையது. நீளம் கிழக்கு மேற்காக அமைந்தது. ஓர் ஆணுக்கும் இரண்டு மூன்று பெண்களுக்கும் இவ்வளவு போதும். ஆண்கள் தம் எல்லைக்காகப் போரிடுவன. ஒடுங்கிய இடத்தில் இரண்டு ஆண்களை விட்டால் தோற்றது ஓடித்தப்ப இடமின்றி நலிந்து சாகும்.

மதிலின் உயரம் உட்தரையிலிருந்து 60 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது. மண்மேட்டை மதிலோடு சேர்த்துக் குவித்தால் இவ்வுயரம் வீணாகும் என்பதையும் மறத்தலாகாது. தென்புற மதிலை ஒளி ஊடுருவாப் பொருளாற் கட்டினால் அதுவே வெயிலைத் திருடிக்கொள்ளும். 60 சென்ரிமீற்றர் உயரமான மதில் பங்குனி நடுப்பகலில் 75 சென்ரிமீற்றர் நீளமான நிழலை விழுத்தும். மார்கழியில் அந்நிழல் இரண்டு மீற்றரைத் தாண்டி அடைப்பு முழுவதையும் மூடிவிடும். ஆகையால் தென்புறத்துக்குக் கண்ணாடியோ தெளிந்த பொலிகாபனேற்றுத் தகடோ உகந்தது. வடபுற மதில் செங்கல்லாகவோ சீமெந்துக் கல்லாகவோ இருப்பது நன்று. அது பகலில் வெப்பத்தை ஏற்று மாலையில் விடும், வடகாற்றையும் தடுக்கும்.

மதிற்பல்லி தன் பெயருக்கேற்பச் செங்கற் சுவரில் எளிதில் ஏறும். எனவே சுவரின் உட்புறத்தை வழுவழுப்பான தகட்டால் மூட வேண்டும். மேல்விளிம்பில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் அகலமான தகடொன்று உள்நோக்கி நீண்டிருக்க வேண்டும். மூலைகளே மிகவும் பலவீனமான இடங்கள். இரு சுவர்களிலும் கால்களை ஊன்றிப் பல்லி மூலைவழியாக மேலேறும். மதிலின் அடித்தளத்தை நிலத்துக்குக் கீழே 40 சென்ரிமீற்றர் வரை இறக்குவது, பல்லி வெளியேறுவதைத் தடுப்பதற்கு மட்டுமன்று, எலி உட்புகுவதைத் தடுப்பதற்குமாகும். குளிரில் அசைவற்றுக் கிடக்கும் பல்லியை எலி உயிருடன் தின்றுவிடும். மேலே கம்பிவலை வேண்டும். பூனை, காகம், வல்லூறு என்பன அங்கும் உள.

பல்லி தப்பிச் செல்வது உரிமையாளரின் இழப்பு மட்டுமன்று. மேற்கூறிய 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நிய விலங்கை வெளியே விடுவதும் தப்பவிடுவதும் குற்றமாகும். வெளியே பெருகும் மதிற்பல்லிகள் சுதேசப் பல்லிகளோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டியிடும் என்பதே இத்தடைக்குக் காரணம். மதில் உள்ளிருப்பதற்கு மட்டுமன்றி வெளியிலிருப்பதற்கும் காவலாகின்றது.

5

உள்ளமைப்பில் மரமும் கல்லும் ஆற்றும் பணிகள் வேறானவை. காய்ந்த மரக்கட்டை காலை வெயிலில் விரைந்து சூடேறும். அதன் மீது கிடக்கும் பல்லியின் உடல்வெப்பத்தையும் அது உறிஞ்சுவதில்லை. கருங்கல் மெதுவாகச் சூடேறும். ஆனால் சூரியன் சாய்ந்த பின்னரும் ஒரு நாழிகையேனும் வெம்மையை வைத்திருக்கும். காலைக்கு மரமும் மாலைக்குக் கல்லும் என வீட்டுக்காரர் கூறுவார். வெயில் குறைந்த நாட்டில் இவ்விரண்டும் பல்லியின் பகலை இருபுறமும் நீட்டித்தருகின்றன. திணைமரபின் சொல்லில் உரைப்பின், சிறுபொழுதைக் கட்டும் கருவிகள் இவை.

கற்களை அடுக்கும்போது விரலளவு இடுக்குகள் எஞ்ச வேண்டும்; அதேவேளை அடுக்குச் சரிந்து விலங்கை நசுக்காதவாறு ஒவ்வொரு கல்லும் ஊன்றி நிற்க வேண்டும். அடைப்பின் மூன்றிலொரு பகுதியிற் புற்கற்றைகளும் ஹெதர்ச் செடிகளும் வளரலாம். அவை நிழலும் மறைவும் தருவன. பூக்கள் பூச்சிகளை ஈர்ப்பன. செடிகள் மதிலுக்கு 30 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வளர்ந்தால் அவையே ஏணியாகிவிடும். ஆழமற்ற நீர்த்தட்டொன்றும் தேவை. தானாக வரும் பூச்சிகள் போதா; கல்சியத் தூள் தடவிய சிள்வண்டுகளையும் வெட்டுக்கிளிகளையும் இட வேண்டும்.

முட்டையிடுவதற்கு வெயில்படும் வெறுமணல் ஒரு சதுர அடியேனும் ஒதுக்கப்படல் வேண்டும். இங்கு உயிரியலின் சுவையான செய்தியொன்று உண்டு. மணற்பல்லி முட்டைகளை வெயில் காயும் மணலிற் புதைத்துவிட்டுச் செல்கின்றது. முட்டை அவ்விடத்திலேயே கிடந்து பொரிக்க வேண்டியிருத்தலால், பிரித்தானியாவில் அவ்வினம் திறந்த மணல் உள்ள கடலோரக் குன்றுகளையும் ஹெதர் வெளிகளையும் விட்டு அகல இயலாதிருக்கின்றது. பொதுப் பல்லியோ முட்டைகளைத் தன் வயிற்றினுள்ளேயே வைத்து வளர்த்துக் குட்டிகளை ஈனுகின்றது. தாய் வெயிலைத் தேடிச் செல்லும் இடமெல்லாம் முட்டைகளும் செல்கின்றன. இதனாலேயே அவ்வினம் ஆர்க்ரிக் வட்டத்துக்கு அப்பாலும் பரவமுடிந்தது. பின்வளவில் மதிற்பல்லி இடும் முட்டைகள், கோடை குளிர்ந்துபோனால், இலையுதிர் காலத்துக்கு முன் பொரிக்காது போகலாம். வளர்ப்போர் அவற்றைப் புரட்டாமல் எடுத்து, வீட்டினுள் ஏறத்தாழ 28 பாகையில் வைத்துப் பொரிக்கச் செய்வதுண்டு. பொரித்த குஞ்சுகளைப் பெரியவற்றோடு விடலாகாது, தாயே தின்றுவிடும்.

குளிர்ந்த கோடைக்கு மற்றொரு துணையும் உண்டு. ஆங்கிலத் தொழிலாளர் தம் காய்கறித் துண்டுநிலங்களில் இளநாற்றுகளை மூடிவைக்கும் கண்ணாடிச் சட்டகத்தை, அடைப்பின் மூன்றிலொரு பகுதிக்கு மேலே சாய்த்து வைக்கலாம். ஆயின் முழுவதையும் மூடலாகாது. மூடிய கண்ணாடியினுள் வெயில் விழுந்தால் சில நிமிடங்களில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும். அந்நிலையில் நிழல் தேடி ஓட இடமில்லாப் பல்லி இறந்துவிடும். குளிர்நாட்டு அடைப்புகளிலும் வெப்பத்தால் மரணங்கள் நிகழ்வதன் காரணம் இதுவே. தெரிவு பறிக்கப்பட்டவிடத்து வெயிலும் பகையாகின்றது.

6

இனிப் பெரும்பொழுது. ஐப்பசி அளவில் பல்லிகள் உணவைக் குறைத்து நிலத்தினுள் ஒடுங்கத் தொடங்கும். பங்குனியளவில் ஆண்கள் முதலிலும் பெண்கள் பின்னரும் வெளிவரும். இடைப்பட்ட மாதங்களில் அவை உறங்குமிடம் உறையாததாகவும் வெம்மையற்றதாகவும், ஏறத்தாழ 4 முதல் 8 பாகை வரையானதாகவும், இருத்தல் வேண்டும். வெம்மை மிகுந்தால் உண்ணாமலே உடற்கொழுப்பு எரிந்து தீரும். உறைந்தால் இறப்பு நேரும்.

எங்கள் தவறு இங்குதான் நேர்ந்தது. உறைபனியே பகை என்று எண்ணினோம். ஜேர்மனியிற் கட்டட அத்திவாரங்களை உறைபனிக்குத் தப்ப 80 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கும் வழக்கம் உண்டென அறிந்து, அதனையும் மிஞ்சி ஒரு மீற்றர் ஆழத்துக்குக் குழி தோண்டினோம். செங்கல் உடைசலாலும் மரவேராலும் நிரப்பி, நுழைவுக் குழாய் வைத்து, மேலே மண்ணிட்டு மூடினோம். அந்நிலம் களிமண். அவ்வாண்டு மாரியில் மழை மிகுதி. சுற்றியிருந்த களிமண் நீரை விடாமையால் எங்கள் குழி கிணறாயிற்று. பங்குனியில் வெயில் வந்தும் ஒரு பல்லியும் வெளிவரவில்லை. சித்திரைத் தொடக்கத்தில் மேல்மண்ணை அகற்றினோம். நான்கும் சேற்றுநீரிற் கிடந்தன. அவற்றை எடுத்து மண்வெட்டியின் அலகில் வைத்தவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், “நிலத்தைக் கேட்காமல் தோண்டினோம்” என்று மட்டும் கூறினார். அக்குழியைத் தோண்டிய கைகளுள் என் கைகளும் இருந்தன.

எங்கெல்ஸ் தமது ‘இயற்கையின் இயங்கியல்’ என்னும் முற்றுப்பெறாத நூலில், இயற்கையின் மீது மனிதன் ஈட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும் அது எதிர்பாராவகையிற் பழிவாங்குகின்றது என்னும் கருத்தை விளக்கியுள்ளார். மெசப்பொத்தேமியாவின் காடுகள் பற்றிப் படித்தபோது எளிதில் ஏற்றுக்கொண்ட அக்கருத்தை, நான்கு சிறிய உடல்களின் முன்னே விளங்கிக்கொண்டேன். ஜேர்மானிய அத்திவாரத்தின் ஆழம் உண்மையானது. எங்கள் களிமண்ணும் உண்மையானது. ஓரிடத்துக்குப் பொருந்திய விதியை மற்றோரிடத்தின் புறநிலையை ஆராயாது பிரயோகித்தமையே தவறு.

மறு ஆண்டு குழிக்குப் பதிலாக மேடு கட்டினோம். தரைமட்டத்தில் 20 சென்ரிமீற்றர் சரளைக் கல். அதன் மேல் செங்கல் உடைசலும் கட்டைகளும் மணலும் கலந்து ஒரு மீற்றர் உயரம். அதன் மேல் மண்ணும் புற்கரணையும். நுழைவுக் குழாய்கள் தெற்கு நோக்கி, நீர் உள்ளே வழியாதபடி வெளிப்புறம் சற்றுத் தாழ்ந்திருந்தன. கடுங்குளிர் வந்தபோது மேட்டின் மீது காய்ந்த பன்னங்களைப் பரப்பினோம். மேட்டின் தென்சரிவே கோடையில் வெயில் காயுமிடமும் ஆயிற்று. மணற்பாங்கான நிலத்திற் குழி தோண்டலாம். களிமண் நிலத்தில் மேடே கட்ட வேண்டும். ஐயமிருப்பின் குழி தோண்டி நீரூற்றி, மறுநாள் அந்நீர் வடிந்துவிட்டதா என்று பார்த்தல் போதும். அப்பரிசோதனைக்கு ஒரு வாளி நீரே செலவு. அதனை முன்னர் செய்யாதது எங்கள் குற்றம்.

அவ்வாண்டு வாங்கிய நான்கு பல்லிகளும் அடுத்த பங்குனியில் வெளிவந்தன.

7

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, குளிர்நாட்டு அடைப்புக்குக் குளிர்நாட்டுப் பல்லி பொருந்தும் என்ற முடிவுக்கு ஒருவர் வரலாம். அம்முடிவு நம் நாட்டைப் பொறுத்தவரை அபாயமானது. ஹோட்டன் சமவெளியிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த முகிற்காடுகளிலும் கொம்பு ஓணானும் கொப்போற்றிஸ் எனப்படும் ஓணானும் வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் இவை. மலைநாட்டுக் குளிரில் வாழ்வன ஆதலின் ஐரோப்பிய வளர்ப்பாளர் சிலர் இவற்றின் மீது ஆசை கொண்டனர்.

நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. இலண்டனின் சராசரி அதைவிடச் சில பாகைகளே குறைந்தது. எண்ணளவில் இரண்டும் அண்மித்தன. ஆனால் நுவரெலியாவில் மாதத்துக்கு மாதம் வேறுபாடு மூன்று பாகையளவே. இலண்டனில் ஆடிக்கும் தைக்கும் இடையே பன்னிரண்டு பாகைக்கு மேல். நமது மலைகளிற் பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. அங்கு வாழும் ஓணானுக்கு மாதக்கணக்கில் உறங்கும் குளிர்காலம் என்பதே தெரியாது. நிலத்தின் குளிர்ச்சி ஒத்திருக்கலாம், பொழுது ஒவ்வாது. குளிர் என்பது ஒரே குணமன்று. சராசரி எண், முதற்பொருளின் ஒரு பாதியை மறைத்துவிடுகின்றது.

எனினும் அவை கடத்தப்பட்டன. இலங்கைச் சட்டம் அவற்றைப் பிடிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் நெடுங்காலமாகத் தடைசெய்துள்ளது. ஆயினும் எல்லையைத் தாண்டிய விலங்கைப் பிறநாட்டுச் சந்தையில் தடுப்பதற்கான சருவதேச ஏற்பாடு இல்லாதிருந்தது. 2019 ஆவணியில் ஜெனீவாவில் நடைபெற்ற, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சருவதேச உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டில், இலங்கையின் முன்மொழிவின் பேரில், கொப்போற்றிஸ் இனங்களும் கொம்பு ஓணான் இனங்களும் அவ்வுடன்படிக்கையின் அட்டவணைகளிற் சேர்க்கப்பட்டன.

இங்கு பண்டத்தின் தருக்கம் துலக்கமாகின்றது. மற்றெந்தப் பொருளுக்கும் தேவை கூடினால் உற்பத்தி கூடும். ஒரு மலையுச்சியில் மட்டும் வாழும் ஓணானைச் சந்தைக்காக மலையே உற்பத்தி செய்வதில்லை. அருமை விலையை உயர்த்துகின்றது. உயர்ந்த விலை பிடிப்பவனை ஏவுகின்றது. பிடித்தல் அருமையை மேலும் கூட்டுகின்றது. காட்டிலே அதனைப் பிடித்துக் கொடுக்கும் கூலிக்குக் கிடைப்பது சொற்பம்; இறுதி விலை வேறொருவருடையது. நிலத்தினின்றும் பொழுதினின்றும் பெயர்க்கப்பட்ட உயிருக்கு எஞ்சுவது பரிவர்த்தனைப் பெறுமானம் ஒன்றே.

அதே அடைப்பு மறுதலையான பணிக்கும் உதவியுள்ளது என்பதையும் கூறாது விடுதல் நேர்மையன்று. வேல்ஸில் முற்றாக அழிந்துபோன மணற்பல்லி இன்று அதன் வடகரை மணற்குன்றுகளில் மீண்டும் வாழ்கின்றது. செஸ்ரர் விலங்குக் காட்சிச்சாலை போன்ற நிறுவனங்கள் திறந்தவெளி அடைப்புகளில் அப்பல்லியை இனம்பெருக்கி, குஞ்சுகளைத் தகுந்த நிலங்களில் விட்டுவந்துள்ளன. மேற்கூறிய தென்சரிவும் வெறுமணலும் குளிர்கால மேடும் அவ்வடைப்புகளிலும் இன்றியமையாதன. ஒரே கட்டுமானம் ஓரிடத்திற் பண்டத்தின் கிடங்காகவும் மற்றோரிடத்தில் மீட்சியின் தொட்டிலாகவும் அமைகின்றது. வேறுபாடு கம்பிவலையிலோ கண்ணாடியிலோ இல்லை. அது எந்தச் சமூக உறவினுள் நிற்கின்றது என்பதிலேயே உள்ளது.

தனியொருவர் தம் பின்வளவில் நான்கு பல்லிகளை வைத்திருப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதனைக் குற்றமென்று கூற முன்வரேன். அடைப்பிற் பிறந்த விலங்கையே வாங்குதல், தன் நிலத்தின் பொழுதைத் தாங்கவல்ல இனத்தையே தெரிதல், தோண்டுமுன் மண்ணைச் சோதித்தல், வேலி பழுதுறாது பார்த்தல் ஆகிய நான்கும் அவருக்குரிய குறைந்தபட்சக் கடமைகள். இவற்றுள் ஒன்றையேனும் செய்ய இயலாதவர் அடைப்பைக் கட்டாமலிருப்பதே தகும். நமது முகிற்காட்டு ஓணானுக்கோ எவரும் எங்கும் அடைப்புக் கட்டவேண்டியதில்லை. அதன் நிலமும் பொழுதும் அதற்கு ஏற்கெனவே உள்ளன. அவற்றை அழியாது காப்பதே நாம் செய்யவேண்டிய பணியாகும்.